1 கேபி கோப்புக்கு யார் பொறுப்பு? – குறியீட்டு இணைப்புகளும் கோப்புப் பாதைகளும்: ஒரு திறனாய்வு

மாணவர் ஒருவர் செயல்திட்டக் கட்டுரையை அனுப்புகிறார். பதிவிறக்கிப் பார்த்தால் கோப்பின் அளவு 1 கேபி. திறந்தால் ஒன்றும் வரவில்லை. அல்லது ஒரே ஒரு வரி வருகிறது, அதுவும் ஏதோ முகவரி மாதிரி இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? "வெறும் கோப்பை அனுப்பி நாளைக் கடத்தப் பார்க்கிறான்" என்று நினைப்பவர்கள் உண்டு. பட்டியலில் "சமர்ப்பிக்கவில்லை" என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறவர்களும் உண்டு. மறுநாள் அந்த மாணவர் வந்து, "டீச்சர், என் லேப்டாப்ல திறக்குதே!" என்பார். உண்மையிலேயே அவர் மடிக்கணினியில் அது திறக்கும். அவர் அனுப்பியது கட்டுரையை அல்ல, கட்டுரை இருக்கும் இடத்தைக் காட்டும் ஓர் இணைப்பை. அது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

நூலைத் திறனாய்கிறோம், சிறுகதையைத் திறனாய்கிறோம். ஆனால் வகுப்பறைக்குள் வந்துவிட்ட கருவிகளை மட்டும் "கணினி அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட வேண்டியதில்லை. கருவியையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துத்தான் செய்தார். அவர் எடுத்த முடிவு நல்லதா, இல்லையா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. விண்டோசுக்கும் யூனிக்ஸ் வழிவந்த சூழல்களுக்கும் இடையே கோப்புகள் போய்வரும்போது இணைப்புகள் ஏன் அறுகின்றன, எந்தக் கருவி நேர்மையாக நடந்துகொள்கிறது, எது நம்மை ஏமாற்றுகிறது என்று இங்கே பார்ப்போம். கட்டளைகளையும் பாதைகளையும் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

இணைப்பின் உள்ளே என்ன இருக்கிறது?

குறியீட்டு இணைப்பு 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் வந்தது. யோசனை மிக எளிது. ஒரு சின்னக் கோப்பு, அதன் உள்ளே இன்னொரு கோப்பின் பாதை மட்டும். அதைத் திறக்கச் சொன்னால், இயங்குதளம் அந்தப் பாதையைப் படித்து, அங்கே போய், உண்மையான கோப்பைத் திறந்து தரும். கேட்ட செயலிக்கு நடுவில் ஓர் இணைப்பு இருந்ததே தெரியாது.

இது எதற்கு? ஒரு விடைப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது "பொது" என்ற கோப்புறையில் இருக்கிறது. படிவம் 4, படிவம் 5, பயிற்சித் தாள்கள் ஆகிய மூன்று கோப்புறைகளிலும் அது தேவை. மூன்று நகல் எடுக்கலாம். ஆனால் நாளை மூன்றாம் கேள்விக்கான புள்ளியில் ஒரு திருத்தம் வந்தால்? ஒரு நகலைத் திருத்திவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுவோம். ஒரே தேர்வுக்கு இரண்டு விடைப்பட்டிகள் உலவும். நகலுக்குப் பதில் மூன்று இணைப்புகள் வைத்தால் திருத்தம் ஓரிடத்தில் செய்தால் போதும். இணைப்பு இடத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் இல்லை. உண்மை ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்பதற்காகவும் இருக்கிறது. இந்த விடைப்பட்டியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இணைப்பின் உள்ளே இருக்கும் பாதை இரண்டு வகை. ஒன்று முழுப் பாதை: இயக்ககத்தின் வேரிலிருந்து கோப்பு வரை எல்லாக் கோப்புறைகளின் பெயரும் இருக்கும். மற்றது சார்புப் பாதை: "../பொது/விடைப்பட்டி" என்பது போல. "இங்கிருந்து ஒரு படி மேலே போ, பொது என்ற கோப்புறைக்குள் நுழை" என்று பொருள். இலக்கணம் நடத்தும் நமக்கு இது புதிதல்ல. இவ்வீடு, அவ்வீடு என்ற சுட்டுகளுக்குப் பொருள் பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. சார்புப் பாதையும் ஒரு சுட்டுதான். இங்கே "பேசுபவர்" இணைப்பு. இணைப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அங்கிருந்துதான் கணக்கு தொடங்கும். நீங்கள் முனையத்தில் எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு கட்டளையைத் தட்டினீர்கள் என்பது கணக்கில் வராது. புதிதாகப் பழகும் மாணவர்களின் இணைப்புகளில் பல இந்த ஓரிடத்தில்தான் அறுகின்றன.

விண்டோஸ் மேசையில் அம்புக்குறியோடு இருக்கும் குறுக்குவழி இதுவே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு தனிக் கோப்பு. கோப்பு முறைமைக்கு அது சாதாரணக் கோப்புதான். லினக்ஸ் கணினிக்குப் போனால் பொருளற்ற பைட்டுகள். நம் மாணவர் அனுப்பிய 1 கேபி பெரும்பாலும் இதுதான். இங்கே என் முதல் குறையைச் சொல்லிவிடுகிறேன். "கோப்பின் பின்னொட்டுகளைக் காட்டு" என்று நீங்கள் அமைப்பில் தேர்ந்தெடுத்தாலும், குறுக்குவழியின் பின்னொட்டை எக்ஸ்ப்ளோரர் காட்டாது. ஒரு மூலையில் குட்டி அம்பு, அவ்வளவுதான். தன் பெயரையே மறைத்துக்கொள்ளும் கோப்பை ஒரு மாணவர் அடையாளம் காணவில்லை என்றால் குற்றம் யாருடையது?

ஒரே இயக்ககம், நான்கு பெயர்

யூனிக்சில் கோப்புறைகளைப் பிரிப்பது முன்சாய்வுக் கோடு. விண்டோசில் பின்சாய்வுக் கோடு. ஏன் இந்த வேறுபாடு? 1981இல் வந்த முதல் எம்எஸ்-டாசில் கோப்புறைகளே கிடையாது. கட்டளைகளுக்கான விருப்பங்களைக் குறிக்க முன்சாய்வுக் கோட்டைப் பயன்படுத்தினார்கள். 1983இல் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் வந்தபோது அந்தக் குறி ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தது. அதனால் பின்சாய்வுக் கோடு. அன்று எடுத்த அந்த முடிவைத்தான் நாம் இன்றும் சுமக்கிறோம்.

யூனிக்ஸ் முனையத்தில் பின்சாய்வுக் கோட்டுக்கு வேறு பொருள்: "அடுத்து வரும் எழுத்தின் தனிச்சக்தியை நீக்கு". ஆகவே டி:\வளங்கள்\பொது என்று விண்டோசிலிருந்து நகலெடுத்து அப்படியே ஒட்டினால், முனையம் கோடுகளை விழுங்கிவிட்டு டி:வளங்கள்பொது என்று படிக்கும். ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைத்தால் பிழைக்கும். பெயரில் இடைவெளி இருந்தாலும் இதே மருந்துதான்.

இனி, விண்டோஸ் கணினியிலேயே யூனிக்ஸ் சூழலைத் தரும் கருவிகளைப் பார்ப்போம். விண்டோஸ் டி: என்று அழைக்கும் இயக்ககத்தைச் சிக்வின் /சிக்டிரைவ்/டி என்கிறது. கிட் பேஷ் /டி என்கிறது. டபிள்யூ.எஸ்.எல். /எம்என்டி/டி என்கிறது. வன்தட்டு ஒன்றுதான், பெயர்தான் நான்கு. சிக்வினில் முழுப் பாதை வைத்து ஓர் இணைப்பு செய்தீர்கள் என்றால், அதன் உள்ளே எழுதியிருக்கும் முகவரி டபிள்யூ.எஸ்.எல்.-இல் இல்லாத முகவரியாக இருக்கலாம். கோப்பு அங்கேயே பத்திரமாக இருக்கிறது; ஆனால் "அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை" என்று பதில் வரும். இந்தப் பெயர்களை மாற்றித் தர சிக்வினிலும் கிட் பேஷிலும் சிக்பாத், டபிள்யூ.எஸ்.எல்.-இல் டபிள்யூஎஸ்எல்பாத் என்ற கட்டளைகள் உண்டு. ஆனால் அவை நீங்கள் கேட்கும்போது மாற்றித் தரும். இணைப்பின் உள்ளே எழுதிவைத்ததைத் தாமாகப் போய்த் திருத்தமாட்டா.

மூன்று அளவுகோல்கள்

திறனாய்வு என்றால் அளவுகோல் வேண்டும். நான் மூன்றை வைக்கிறேன். சொன்ன வேலையைச் செய்கிறதா? செய்த இணைப்பு இரண்டு பக்கத்துக்கும் புரிகிறதா? முடியாவிட்டால் முடியவில்லை என்று வாய்திறந்து சொல்கிறதா? என் பார்வையில் மூன்றாவதுதான் முக்கியமானது.

*விண்டோஸ்.* கோப்புறைகளுக்கு ஜங்ஷன் என்ற சந்திப்பு விண்டோஸ் 2000இலேயே இருந்தது. கோப்புக்கும் கோப்புறைக்கும் முறையான குறியீட்டு இணைப்பும், அதைச் செய்யும் எம்கேலிங்க் கட்டளையும் விஸ்டாவில்தான் வந்தன. யூனிக்சுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் பின்னால். வந்தும் என்ன பயன்? நிர்வாகி உரிமை இல்லாதவர் செய்ய முடியாது. இதற்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது: இணைப்புகளை எதிர்பாராமல் எழுதப்பட்ட பழைய செயலிகளை ஏமாற்றி வேறு கோப்பைத் தொடவைக்க முடியும். இந்தப் பாதுகாப்புக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். பள்ளிக் கணினியில் நிர்வாகி உரிமை யாரிடம் இருக்கிறது? மாணவரிடம் இல்லை, பெரும்பாலும் நம்மிடமும் இல்லை. 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, உருவாக்குநர் நிலை என்ற அமைப்பைத் திறந்துவைத்தால் சாதாரணப் பயனரும் இணைப்பு செய்யலாம். நல்ல மாற்றம், ஆனால் அந்த அமைப்பைத் திறக்கவும் நிர்வாகி உரிமை வேண்டும்.

இன்னொரு குறை, பழகுபவரை நேராகத் தாக்குவது. யூனிக்சின் எல்என் -எஸ் கட்டளையில் முதலில் உண்மைக் கோப்பு, பிறகு இணைப்பின் பெயர். எம்கேலிங்க் கட்டளையில் முதலில் இணைப்பின் பெயர், பிறகு உண்மைக் கோப்பு. தலைகீழ். போதாததற்கு, விண்டோசில் கோப்புக்கான இணைப்பு வேறு, கோப்புறைக்கான இணைப்பு வேறு. கோப்புறை என்றால் /டி சேர்க்க வேண்டும். யூனிக்சில் அந்த வேறுபாடே கிடையாது. இத்தனை குறைக்கும் நடுவில் எம்கேலிங்கிடம் ஒரு நல்ல குணம். உரிமை இல்லை என்றால் உடனே முகத்துக்கு நேரே சொல்லிவிடும். மூன்றாம் அளவுகோலில் அது தேறுகிறது.

*சிக்வின்.* விண்டோஸ் தராத காலத்திலேயே இணைப்பைத் தந்த கருவி இது. தானே ஒரு வழி கண்டுபிடித்தது: ஒரு சிறு கோப்பு, அதன் தலையில் ஓர் அடையாளச் சொல், பிறகு பாதை, மேலே "இது அமைப்புக் கோப்பு" என்ற முத்திரை. சிக்வினுக்குள் எல்லாம் சரியாக ஓடும். வெளியே வந்தால் விண்டோசுக்கு அது வெறும் கோப்பு. வேறொரு கருவியால் நகலெடுக்கும்போது முத்திரை விழுந்துவிட்டால், சிக்வினுக்கே அது அடையாளம் தெரியாது. அண்மைய பதிப்புகள் டபிள்யூ.எஸ்.எல். புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாறியிருக்கின்றன. விண்டோசின் சொந்த இணைப்பையே செய்யும்படி ஓர் அமைப்பும் உண்டு. அதில் இரண்டு நிலைகள்: "முடிந்தால் செய், முடியாவிட்டால் வேறு வழி பார்" என்பது ஒன்று, "முடியாவிட்டால் பிழை சொல்" என்ற கண்டிப்பான நிலை மற்றது. கண்டிப்பானதையே தேர்ந்தெடுங்கள் என்பேன். தன் வீட்டுக்குள் முழு மதிப்பெண், வாசலைத் தாண்டினால் பாதி.

*கிட் பேஷ்.* கணினி அறிவியல் எடுக்கும் மாணவர்களின் விண்டோஸ் மடிக்கணினிகளில் அதிகம் புழங்கும் கருவி. இது எம்சிஸ்2 என்ற சூழலின் மேல் நிற்கிறது. இதில் எல்என் -எஸ் என்று தட்டினால் என்ன நடக்கிறது தெரியுமா? இயல்பான அமைப்பில், இணைப்பு செய்யாது. கோப்பை நகலெடுத்து வைத்துவிடும். பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. திறந்து பார்த்தால் கோப்பு சரியாகத் திறக்கும். "ஆஹா, வேலை செய்கிறது" என்று மூடிவிடுவோம்.

இப்போது அந்த விடைப்பட்டிக்கு வாருங்கள். மூன்று இணைப்புகள் இருப்பதாக நினைக்கிறோம். இருப்பவை மூன்று நகல்கள். பொதுக் கோப்புறையில் இருப்பதைத் திருத்துகிறோம். படிவம் 5 கோப்புறையில் பழைய புள்ளியே இருக்கிறது. ஒரு வகுப்பு புதிய விடைப்பட்டியிலும், பக்கத்து வகுப்பு பழைய விடைப்பட்டியிலும் திருத்தப்படுகிறது. யாருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் கணினி எந்த இடத்திலும் குறை சொல்லவில்லை. இணைப்பு என்ற கருத்து எந்தத் தீமையைத் தடுக்க வந்ததோ, அதே தீமையை இணைப்பு என்ற பெயரிலேயே செய்கிறது இந்தக் கருவி. இதைச் செய்தவர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு: உரிமை இல்லாத கணினியில் பழைய கட்டளைத் தொகுப்புகள் நின்றுபோகாமல் ஓட வேண்டும். அதை ஏற்கலாம். ஆனால் ஒரு வரி எச்சரிக்கை தந்திருந்தால் என்ன குறைந்துவிடும்? எம்சிஸ் என்ற சூழல் மாறியில் கண்டிப்பான நிலையை எழுதிவைத்தால் இது சரியாகும். ஆனால் அந்த மாறியைத் தேடிப் போக, முதலில் ஏதோ தவறு என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

கிட் பேஷுக்கு இன்னொரு பழக்கம். முன்சாய்வுக் கோட்டில் தொடங்கும் எதையும் பாதை என்று எண்ணி, விண்டோஸ் செயலிக்குக் கொடுக்கும் முன் தானாக மாற்றிவிடும். /சி என்பது ஒரு விருப்பக் குறியாக இருந்தாலும் சி: இயக்ககம் ஆகிவிடும். கோட்டை இரட்டிப்பாகத் தட்டினால் தப்பிக்கலாம். உதவி செய்ய வந்து குழப்பிவிட்டுப் போகும் உறவினர் மாதிரி.

கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். லினக்சில் இணைப்புகளோடு சேமித்த தொகுப்பை விண்டோசில் இறக்கினால், இணைப்பு அமைப்பு அணைந்திருக்கும்போது, ஒவ்வோர் இணைப்பும் ஒரு வரி உள்ள எழுத்துக் கோப்பாக இறங்கும். அந்த வரிதான் பாதை. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன "முகவரி மாதிரி ஒரு வரி" இப்படித்தான் பிறக்கிறது. அழகாக இல்லை, ஆனாலும் நகலைவிட இது எவ்வளவோ மேல். பார்த்த உடனே ஏதோ சரியில்லை என்று தெரிகிறது.

*டபிள்யூ.எஸ்.எல்.* 2016இல் விண்டோஸ் 10உடன் வந்த லினக்ஸ் சூழல். அதன் சொந்த கோப்புறைகளுக்குள் இணைப்புகள் அசல் லினக்ஸ் போலவே நடக்கும். விண்டோஸ் செய்த இணைப்புகளையும் பெரும்பாலும் சரியாகத் தொடரும். சிக்கல் எதிர்த்திசையில். டி: இயக்ககத்தில் டபிள்யூ.எஸ்.எல். செய்யும் இணைப்பு விண்டோசுக்கும் புரிய வேண்டும் என்றால் சில நிபந்தனைகள்: உருவாக்குநர் நிலை திறந்திருக்க வேண்டும், பாதை சார்புப் பாதையாக இருக்க வேண்டும், உண்மைக் கோப்பு முன்கூட்டியே இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் லினக்சுக்கு மட்டும் புரியும் இணைப்பு உருவாகும். விண்டோஸ் செயலி அதைத் திறக்க முடியாது. உள்ளே அருமை. எல்லையில் மட்டும் விதிகளைச் சொல்லாமல் வைத்திருக்கிறது.

ஆக, என் தீர்ப்பு இது. எம்கேலிங்க் முரடு, ஆனால் நேர்மை. டபிள்யூ.எஸ்.எல். திறமைசாலி, ஆனால் எல்லா விதியையும் சொல்வதில்லை. சிக்வின் பழைய உழைப்பாளி, தன் ஊர்மொழி மட்டும் பேசும். கிட் பேஷின் இயல்பான அமைப்பு நால்வரில் கடைசி. தோல்வியை வெற்றி போலக் காட்டுவதைவிடப் பெரிய குறை ஒரு கருவிக்கு இருக்க முடியாது.

தமிழில் பெயர் வைத்தால்

இதுவரை சொன்னவை எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். நமக்கென்று சில சிக்கல்கள் தனியாக உண்டு.

முதலாவது, நீளம். "விடைப்பட்டி" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஆறு என்பீர்கள், சரி. யூனிகோடு கணக்கில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி; ஆகவே பதினொன்று. லினக்சில் அது 33 பைட், ஏனென்றால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகிறது. லினக்சில் வழக்கமான கோப்பு முறைமைகள் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் தரும். விண்டோசும் 255 தான், ஆனால் அங்கே எண்ணுவது பைட்டை அல்ல. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அங்கே ஒன்றுதான். "எஸ்பிஎம் தமிழ்மொழி தாள் இரண்டு மாதிரி வினாக்களும் விடைப்பட்டியும் ஆசிரியர் பயிற்சிப் பட்டறை" என்று பெயர் வைத்து, நான்கெழுத்து வேர்ட் பின்னொட்டும் சேர்த்தால், விண்டோசில் 96. தாராளமாக ஏற்கும். லினக்சில் 260 பைட். பெயர் நீளம் என்று மறுக்கும். தமிழில் ஏறத்தாழ 45 எழுத்துக்குள் பெயரை முடித்தால் இரண்டு பக்கமும் கவலையில்லை.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாதது. "பொது" என்ற சொல்லின் முதல் எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கே சுருக்கிய தொகுப்பு லினக்சுக்கு வந்தால் கோப்புறையின் பெயர் பிரிந்த "பொது"; நம் இணைப்புக்குள் இருப்பது சேர்ந்த "பொது". லினக்சும் விண்டோசும் இவற்றை வேறு வேறு பெயராகவே பார்க்கும். கண்முன்னே கோப்புறை இருக்கும், "இல்லை" என்று கணினி சாதிக்கும். பெயரைத் தட்டாமல் தாவல் விசையை அழுத்திக் கணினியையே நிரப்பச் சொன்னால் உண்மையான பெயர் வந்துவிடும். நிலையான தீர்வு, கோப்புறைக்கு மறுபெயரிடுவது.

மூன்றாவது, குறிகள். "தாள் 1: கட்டுரை", "ஏன் இந்த விதி?" போன்ற பெயர்களை லினக்ஸ் ஏற்கும். விண்டோஸ் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றைப் பெயரில் ஏற்காது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் ஆங்கிலப் பெயர்கள் லினக்சில் படும் பாடு தமிழுக்கு இல்லை. ஆனால் பின்னொட்டு ஆங்கிலம்தானே. அதைச் சிறிய எழுத்திலேயே வையுங்கள்.

பழுது பார்க்க ஐந்து கேள்விகள்

1. இது இணைப்பா, நகலா, குறுக்குவழியா? யூனிக்ஸ் முனையத்தில் எல்எஸ் -எல் கட்டளை இணைப்பு என்றால் ஓர் அம்பு போட்டு எங்கே போகிறது என்று காட்டும். விண்டோஸ் கட்டளைத் திரையில் டிர் கட்டளை இணைப்பா, ஜங்ஷனா என்று கோண அடைப்புக்குள் எழுதிக் காட்டும். அம்பும் இல்லை, அடைப்பும் இல்லை என்றால் உங்களிடம் இருப்பது நகலாகவோ குறுக்குவழியாகவோ இருக்கலாம்.

2. உள்ளே எழுதியிருப்பது முழுப் பாதையா, சார்புப் பாதையா? முழுப் பாதை என்றால், அதன் தொடக்கம் இந்தச் சூழலின் பெயரிலா, பக்கத்துச் சூழலின் பெயரிலா?

3. சார்புப் பாதை என்றால், இணைப்பு இருக்கும் கோப்புறையிலிருந்து எண்ணிப் பாருங்கள். படி சரியாக இருக்கிறதா?

4. எதன் வழியாக வந்தது? பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும். இரண்டுக்கும் இணைப்பு என்றால் என்னவென்றே தெரியாது. டார் தொகுப்பு இணைப்பை இணைப்பாகவே கட்டும். உண்மைக் கோப்பு வேண்டும் என்றால் -எச் சேர்க்க வேண்டும். பள்ளியின் பகிர்வு இயக்ககத்தில் இருக்கும் இணைப்பு உங்கள் கணினிக்குள் இருக்கும் கோப்பைக் காட்டினால், விண்டோஸ் இயல்பாகவே அதைத் தொடர மறுக்கும்.

5. பெயரில் தமிழ் இருக்கிறதா? நீளம், பிரிந்த ஒகரம், விலக்கப்பட்ட குறி ஆகிய மூன்றையும் சோதியுங்கள்.

தொகுப்பு முழுவதையும் ஒரே முறையில் சோதிக்க வேண்டுமா? லினக்சில் ஃபைண்ட் கட்டளையோடு -எக்ஸ்டைப் எல் சேர்த்தால் அறுந்த இணைப்புகளின் பட்டியல் மட்டும் வரும். வளத் தொகுப்பை வெளியிடும் முன் இதை ஒருமுறை ஓட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

"இதெல்லாம் நம் வேலையா?"

சிலர் கேட்பார்கள்: தமிழாசிரியருக்கு இது எதற்கு, கணினி ஆசிரியர் பார்த்துக்கொள்ள மாட்டாரா? பழுது பார்ப்பதை அவரிடம் விடலாம். ஆனால் புள்ளி போடுவது நாம்தான். ஒரு மாணவரின் உழைப்பு நம்மை வந்து சேர்ந்ததா, இல்லையா என்று முடிவு செய்கிறவர் அது எப்படி வழிதவறும் என்று அறிந்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு மூன்று வேண்டுகோள். தயாரிக்கும் இடத்தில் இணைப்பு வையுங்கள்; அனுப்பும் தொகுப்பில் உண்மைக் கோப்பையே வையுங்கள். இணைப்பு வைத்தே ஆக வேண்டும் என்றால் சார்புப் பாதை வையுங்கள், இணைப்பும் உண்மைக் கோப்பும் ஒரே கோப்புறையின் கீழ் இருக்கட்டும். கருவியில் கண்டிப்பான நிலை இருந்தால் அதைத் திறந்துவையுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. அனுப்பும் முன் கோப்பின் அளவைப் பாருங்கள். பத்துப் பக்கக் கட்டுரை 1 கேபியில் அடங்காது. புலனத்தில் அனுப்பினால், அனுப்பியதை வேறொரு கருவியில், அம்மாவின் கைப்பேசியிலாவது, திறந்து பாருங்கள். உங்கள் மடிக்கணினியில் திறப்பது சான்று ஆகாது. உண்மைக் கோப்பு அங்கேதான் இருக்கிறது.

அளவு 1 கேபி என்று கண்டால், ஆசிரியர்களே, "சமர்ப்பிக்கவில்லை" என்று குறிக்கும் முன் மாணவரிடம் ஒரு வரி கேளுங்கள்: "நீ அனுப்பியது கோப்பா, கோப்புக்கான வழியா?" கருவி சொல்லத் தவறியதை அந்த ஒரு கேள்வி சொல்லவைத்துவிடும்.